ஒரே கப்பலில் மாண்டவர்கள்

என் அப்பாயி எதையும் ஆண்டுக் கணக்கில் சொன்னதில்லை. தாத்தா பினாங்குக்குப் போனதும், நோயோடு திரும்பியதும், பெரியப்பாவுக்குப் பெண் பார்த்ததும் எல்லாம் ‘ரஜூலா வந்த வாரம்’, ‘ரஜூலா போன மறுநாள்’ என்றே அவருடைய பேச்சில் வரும். நாகப்பட்டினத்துக் கடலில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்பதில்லை. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குப் பயணிகளையும் மூட்டை முடிச்சுகளையும் படகுகளில் ஏற்றிக்கொண்டு போவார்கள். சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை போய்வந்த ரஜூலா கப்பலை எங்கள் பக்கத்து முதியவர்கள் இன்றும் உறவினரைப்போலப் பேசுவார்கள்.

ரஜூலாவின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் அதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு என்று தெரிந்துகொண்டேன். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி 1926ஆம் ஆண்டில் ரஜூலாவோடு சேர்த்து ‘ரோனா’ என்ற கப்பலையும் இதே வழித்தடத்துக்காகக் கட்டுவித்தது. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவின. ஒவ்வொன்றும் 5,000க்கும் மேற்பட்ட தளப்பயணிகளை ஏற்றிச்செல்ல உரிமம் பெற்றவை. தோட்டக்காடுகளுக்குக் கூலிகளாகப் போன நம் மக்கள் ரோனாவின் தளத்திலும் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். ரஜூலா போரிலிருந்து மீண்டு வந்ததால் அதன் பெயர் நிலைத்தது. ரோனா திரும்பி வரவில்லை.

இரண்டாம் உலகப்போரில் படைவீரர்களை ஏற்றிச்செல்லும் பணிக்கு ரோனா எடுத்துக்கொள்ளப்பட்டது. 1943 நவம்பரில், இந்தியாவுக்கு வரவேண்டிய அமெரிக்கப் படைவீரர்கள் ஏறத்தாழ 2,000 பேரை அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்தில் ஏற்றிக்கொண்டு, சூயஸ் நோக்கிச் சென்ற கப்பல் அணியில் அது சேர்ந்துகொண்டது. நவம்பர் 26 அன்று மாலை, ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் ஒன்றிலிருந்து ஏவப்பட்டு, வானொலி அலைகளால் வழிநடத்தப்பட்ட ஒரு சறுக்குக் குண்டு ரோனாவின் பக்கவாட்டைத் துளைத்து உள்ளே வெடித்தது. அந்த வகைக் குண்டு அப்போது புதிது. கப்பல் தீப்பிடித்தது, உயிர்காக்கும் படகுகளில் பல இறக்க முடியாதபடி சிதைந்துவிட்டன. இருட்டிக்கொண்டிருந்தது, கடலும் கொந்தளிப்பாக இருந்தது. அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பலான ‘பயனியர்’ மட்டும் 606 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியெடுத்தது. அப்படியும் 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் 1,015 பேர் அமெரிக்கப் படைவீரர்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் அந்தக் கப்பலின் இந்திய மாலுமிகள்.

புதிய ஆயுதத்தின் வெற்றியை எதிரி அறிந்துவிடக் கூடாது என்பதற்காக அமெரிக்க அரசு இந்தச் செய்தியை மறைத்து வைத்தது. போர் முடிந்த பிறகும் பல குடும்பங்களுக்குத் தங்கள் பிள்ளை எங்கே, எப்படி இறந்தான் என்பது தெரியாமலேயே காலம் போயிற்று. உயிர் தப்பியவர்களும் உறவினர்களும் விடாமல் முயன்றதன் பலனாக 1996ஆம் ஆண்டு மே மாதம் அலபாமா மாநிலத்தின் ஃபோர்ட் மிட்செல் தேசியக் கல்லறையில் ரோனாவுக்கு ஒரு நினைவுக்கல் எழுந்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றமும் அவர்களை நினைவுகூர்ந்து தீர்மானம் நிறைவேற்றியது. அரை நூற்றாண்டுக்குப் பின் கிடைத்தாலும் அது கிடைக்கவேண்டிய நீதிதான். அதற்காகப் பாடுபட்ட அந்த முதியவர்களை நான் மனமார வணங்குகிறேன்.

ஆனால் இதைப் படித்துக்கொண்டே வந்தபோது என் மனம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. கப்பல் ஒன்று, குண்டு ஒன்று, மூழ்கடித்த கடலும் ஒன்று. இறந்தவர்களின் பெயர்களோ மூன்று கண்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. உடல் கிடைக்காத அமெரிக்கர்களின் பெயர்கள் துனீசியாவின் கார்த்தேஜில் உள்ள அமெரிக்கப் போர்க்கல்லறையின் கற்சுவரில் இருக்கின்றன. கல்லறை இல்லாத பிரிட்டிஷ் வணிகக் கப்பல் அதிகாரிகளுக்கு உரிய இடம் லண்டனின் டவர் ஹில். இந்திய மாலுமிகளுக்கு உரியது பெயர்களை எழுதிவைத்த ஒரு புத்தகம். அதன் ஒரு பிரதி மும்பையிலும் மற்றொரு பிரதி வங்கதேசத்துச் சிட்டகாங்கிலும் வைக்கப்பட்டுள்ளது. ஒரே எஞ்சின் அறையில் வேர்வை சிந்தியவர்களைச் சாவுக்குப் பிறகு இப்படி இனம் பிரித்து வைத்தது எனக்கு இன்றுவரை ஆறாத மனக்குறை.

டவர் ஹில் நினைவிடத்தை நான் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். லண்டன் கோட்டைக்கு எதிரே, டிரினிட்டி சதுக்கப் பூங்காவின் தென்புறத்தில் அது இருக்கிறது. முதல் உலகப்போருக்கான பகுதியை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். புதுடெல்லியையும் இந்தியா கேட்டையும் வடிவமைத்தவர் அவரே. முதலில் தேம்ஸ் நதிக்கரையிலேயே அதைக் கட்ட நினைத்து, அந்த இடம் மறுக்கப்பட்டு, பூங்காவில் கட்டுவதற்கென்று நாடாளுமன்றத்தில் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 1928 டிசம்பர் 12 அன்று அரசி மேரி அதைத் திறந்துவைத்தார். தூண்கள் தாங்கிய, இரு முனைகளிலும் திறந்த ஒரு கல்மண்டபம். உள்ளே நடந்தால் இருமருங்கிலும் வெண்கலப் பலகைகளில் ஏறத்தாழ 12,000 பெயர்கள். நம் ஊர்க் கோயில் பிராகாரத்தில் மதிய நேரத்தில் நடக்கும்போது கிடைக்கும் குளிர்ச்சியும் அமைதியும் அந்த மண்டபத்தில் இருந்தன.

அதன் பின்னால், தரைமட்டத்துக்குக் கீழே இறங்கிச் செல்லும் ஒரு தோட்டமாக, இரண்டாம் உலகப்போருக்கான பகுதி அமைந்துள்ளது. எட்வர்டு மாஃப் வடிவமைத்த அதை 1955 நவம்பரில் இரண்டாம் எலிசபெத் அரசி திறந்துவைத்தார். படிக்கட்டின் மேல் ஓர் அதிகாரியும் ஒரு மாலுமியும் காவல் நிற்பதுபோலச் சார்லஸ் வீலர் செதுக்கிய சிலைகள் உள்ளன. சுற்றுச்சுவர்களில் ஏழு கடல்களைக் குறிக்கும் உருவங்களும், அவற்றுக்கிடையே ஏறத்தாழ 24,000 பெயர்களும் உள்ளன. தோட்டத்தின் நடுவே தரையில் வெண்கலத்தாலான திசைகாட்டி வட்டம் ஒன்று காந்த வடதிசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கல்லறை இல்லாதவர்களுக்குத் திசையையாவது காட்டவேண்டும் என்று எண்ணிய அந்தக் கலைஞர்களின் கருணை என்னை நெகிழவைத்தது.

அங்கே என்னை மிகவும் கவர்ந்தது பெயர்களை அடுக்கியிருக்கும் முறை. போர் நினைவிடங்களில் வழக்கமாகப் படைப்பிரிவுப்படியும் பதவிப்படியும் பெயர்களை எழுதுவார்கள். டவர் ஹில்லில் முதலில் கப்பலின் பெயர் வருகிறது. அதற்குக் கீழே, கப்பல் தலைவர் இறந்திருந்தால் அவர் பெயர் முதலிலும், மற்றவர்கள் அனைவரும் அகர வரிசையிலும் வருகிறார்கள். மூத்த பொறியாளரும் அடுப்படி உதவிக்கு வந்த பதினாறு வயதுப் பையனும் அடுத்தடுத்த வரிகளில் நிற்கிறார்கள். கப்பலில் வாழ்ந்தவர்களுக்குக் கப்பல்தான் ஊர் என்பதை உணர்ந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. இதைவிடச் சரியான முறை வேறொன்று இருக்க முடியாது என்று நான் கருதுகிறேன். அதனால்தான் அந்த வரிசையில் இடம்பெறாதவர்களைப் பற்றிய ஏக்கமும் அங்கேயே தொடங்கியது.

வணிகக் கப்பல் மாலுமிகளுக்கு நினைவிடம் எதற்கு, அவர்கள் கூலிக்கு வேலை செய்தவர்கள்தாமே என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் போர்வீரர்கள் அல்லர் என்பது உண்மை. கோதுமையையும் எண்ணெயையும் நிலக்கரியையும் ஏற்றிக்கொண்டு, பகைவனின் நீர்மூழ்கிகள் காத்திருக்கும் கடலில் மணிக்குச் சில மைல் வேகத்தில் ஊர்ந்தவர்கள் அவர்கள். முதல் போரில் பிரிட்டிஷ் தரப்பில் 3,305 வணிகக் கப்பல்களும் 17,000 உயிர்களும், இரண்டாம் போரில் 4,786 கப்பல்களும் 32,000 உயிர்களும் போயின. இத்தனைக்கும், கப்பல் மூழ்கிய நாளோடு மாலுமியின் சம்பளமும் நின்றுவிடும் என்ற நிலை பிரிட்டனில் 1941 மே மாதம் வரை இருந்தது. உயிர்காக்கும் படகில் பசியோடும் குளிரோடும் மிதந்துகொண்டிருந்த நாட்களுக்குக் கூலி கிடையாது. பதக்கமும் சீருடையும் இல்லாத இவர்களுக்குப் பெயர் பொறித்த ஒரு சுவராவது வேண்டாமா?

சென்னைவாசிகளுக்கு இதில் ஒரு சொந்த நினைவும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னையைத் தாக்கியபோது துறைமுகத்தில் நின்றிருந்த ஒரு வணிகக் கப்பலிலும் குண்டுகள் விழுந்து, அதன் மாலுமிகள் சிலர் இறந்தார்கள். எம்டன் என்ற பெயர் நம் மொழியில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது; குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு உயர்நீதிமன்றச் சுவரில் இருக்கிறது. அன்றிரவு இறந்த அந்த மாலுமிகளை யாரும் பேசிக் கேட்டதில்லை.

இந்திய மாலுமிகளை அக்காலப் பதிவேடுகள் ‘லஸ்கர்’ என்று குறிக்கின்றன. காவிரிப் பாசனப் பகுதியில் வளர்ந்த எனக்கு அந்தச் சொல் சிறு வயதிலேயே பழக்கம். வாய்க்கால் மதகின் ஷட்டரைத் திறந்து மூடும் பொதுப்பணித்துறை ஊழியரை எங்கள் ஊரில் லஸ்கர் என்றுதான் அழைப்போம். கப்பல் லஸ்கர்களின் தலைவர் செராங்கு. அவருக்கு அடுத்தவர் தண்டல். தூத்துக்குடித் தோணிகளில் தோணித் தலைவரைத் தண்டல் என்றே இன்றும் சொல்கிறார்கள். சுக்கான் பிடிப்பவர் சுக்கானி, சமைப்பவர் பண்டாரி. நோவாகாலி, சிட்டகாங், சில்ஹெட், கொங்கணக் கரை, கோவா ஆகிய பகுதிகளிலிருந்து வந்த இவர்களில் கணிசமானோர் கப்பலின் அடிவயிற்றில் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப்போட்டவர்கள். டார்பிடோ பெரும்பாலும் தாக்குவதும் அந்த இடத்தைத்தான்; மேலே ஏறிவர அவர்களுக்கு நேரம் இருக்காது.

முதல் உலகப்போரில் 3,427 லஸ்கர்களும், இரண்டாம் போரில் ஏறத்தாழ 6,600 இந்திய மாலுமிகளும் இறந்தனர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். ஒரே கப்பலில் வேலை செய்தாலும் அவர்களுடைய கூலி ஐரோப்பிய மாலுமியின் கூலியில் ஒரு சிறு பங்குதான். 1939இல் போர் தொடங்கியவுடன், இந்த ஆபத்துக்கு இந்தக் கூலி போதாது என்று பிரிட்டிஷ் துறைமுகங்களில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பலர் சிறைக்கும் போனார்கள். கூலிக்காகக் குரல் எழுப்பிய பின் மறுபடியும் அதே கடலுக்குத் திரும்பினார்கள். ரோனாவில் உயிர் தப்பிய அமெரிக்கர் சிலரின் நினைவுக்குறிப்புகளில் அதன் இந்திய மாலுமிகளைப் பற்றிக் கடுஞ்சொற்கள் உண்டு. முதலில் படகேறியவர்கள் அவர்கள்தாம் என்கிறார்கள். அந்த இரவின் துயரத்தைக் கண்டவர்களோடு நான் வாதாடப்போவதில்லை. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட மாலுமிகள் அந்தக் கப்பலோடு போனார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்த இரவின் கதையைச் சொல்லவேண்டும்.

லஸ்கர்களுக்கென்றே எழுப்பப்பட்ட ஒரு நினைவுத்தூண் கொல்கத்தாவில் இருக்கிறது. வேலை நிமித்தம் அந்நகரில் சில காலம் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அங்கே போவேன். ஹூக்ளி ஆற்றங்கரையில், பிரின்செப் படித்துறைக்குச் சற்றுத் தெற்கே, ஹேஸ்டிங்ஸ் பகுதியில் ஏறத்தாழ நூறு அடி உயரத்தில் நிற்கும் நாற்கரத் தூண் அது. நான்கு பக்கங்களிலும் பழங்காலக் கப்பலின் முகப்பு வெளியே நீண்டிருக்கிறது. அதன் கீழ் அலைகளைப்போலக் கல்லில் வரிகள். உச்சியில் சிறு மினார்களும் பொன்நிறக் குவிமாடமும். வில்லியம் கீர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த அதை 1924 பிப்ரவரி 6 அன்று வங்க ஆளுநர் லிட்டன் பிரபு திறந்துவைத்தார். கப்பல் கம்பெனிகளும் வணிக நிறுவனங்களும் பணம் கொடுத்தன. பின்னர் பல்லாண்டுகள் கவனிப்பாரற்றுப் புதர் மண்டிக் கிடந்த அதை, 1994ஆம் ஆண்டில் இந்தியக் கடற்படையின் கமடோர் விபு மோகந்தி கண்டு சீரமைக்கச் செய்தார். அவர் கண்ணில் படாமல் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

அழகான தூண்தான். வெயில் சாயும்போது குவிமாடம் மின்னுவதைப் பார்த்துக்கொண்டே பல மாலைகளில் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அங்கே நம்மிடம் பேசுவது ஓர் எண்: வங்கம், அசாம், வடஇந்தியப் பகுதிகளைச் சேர்ந்த 896 மாலுமிகள். ஒரு தாய் தன் மகனைத் தேடி அந்தத் தூணடிக்கு வந்திருந்தால் அவள் விரல் எதைத் தொட்டிருக்கும்? டவர் ஹில்லில் முதியவர் ஒருவர் ஒரு வெண்கல எழுத்தின் மீது விரலை வைத்து நெடுநேரம் நின்றதை நான் பார்த்திருந்ததால் இந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது.

முதல் போரில் கடலில் மறைந்த இந்திய மாலுமிகள் 2,000க்கும் மேற்பட்டோருக்கு மும்பையில், மஸ்ஜித் பந்தர் அருகிலுள்ள மாலுமிகள் இல்லத்தில் நினைவிடம் உண்டு. இரண்டாம் போருக்கு வந்தபோது ஏற்பாடு நினைவேட்டுக்கு மாறியது. இந்தியக் கடற்படையைச் சேர்ந்த 400க்கும் மேற்பட்டோரும், வணிகக் கப்பல்களைச் சேர்ந்த ஏறத்தாழ 6,000 பேரும் அதில் இடம்பெற்றனர். அதற்குள் நாடு பிரிந்துவிட்டதால் ஒரே நூலின் பிரதிகள் மும்பையிலும், சிட்டகாங் போர்க்கல்லறையின் நுழைவாயிலிலும் வைக்கப்பட்டன.

அந்த நூலை இழிவாகப் பேச எனக்கு மனமில்லை. சுவரில் கொள்ளாத விவரங்களுக்கு அதில் இடமுண்டு. இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன மாவட்டம் என்று பல பதிவுகளில் குறித்திருக்கிறார்கள். நம் வழக்கப்படி ஒருவரை அறிமுகம் செய்ய ஊரும் தகப்பன் பெயரும்தானே வேண்டும்? ஆனாலும் புத்தகத்தை ஒருவர் திறந்தால்தான் பெயர் தெரியும். டவர் ஹில்லின் சுவர், பேருந்துக்குக் காத்திருப்பவரையும் மதிய உணவைப் பூங்காவில் உண்ண வந்தவரையும்கூடப் படிக்கவைக்கிறது. யாரும் கேட்காமலே கண்ணில் படுவதுதான் பொது இடத்து நினைவுச்சின்னத்தின் வேலை. அந்த உரிமை ஒரு பகுதியினருக்கு மட்டும் கிடைத்தது.

வகை பிரிக்கும் இந்த வழக்கம் நிறத்தோடு மட்டும் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டிஷ் கடற்படையின் கட்டுப்பாட்டுக்குட்பட்டுப் பணியாற்ற ஒப்பந்தம் எழுதிக்கொடுத்த வணிக மாலுமிகள் 13,000க்கும் மேற்பட்டோர். அவர்களில் கடலோடு போன ஏறத்தாழ 1,400 பேரின் பெயர்கள் டவர் ஹில்லில் சேராமல் லிவர்பூல் நதிமுகத்தில் தனி நினைவிடமாக நிற்கின்றன. காகிதத்தில் எந்தக் கையெழுத்து இருந்ததோ அதன்படி கல்லில் இடம் கிடைத்தது.

பிரிட்டிஷ் பேரரசின் போர்க்கல்லறைகளுக்கான ஆணையம் 1917இல் தொடங்கப்பட்டபோது, பதவி, இனம், சமயம் எதுவும் பாராமல் எல்லோரையும் ஒரேபோல நினைவுகூர்வது என்பதே அதன் அடிப்படைக் கொள்கை. அந்தக் கொள்கை எல்லா இடங்களிலும் காக்கப்படவில்லை என்பதை அந்த ஆணையமே அமைத்த குழு 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. முதல் உலகப்போரில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லியோ அல்லது எவ்விதத்திலுமோ நினைவுகூரப்படவில்லை என்றும் அந்த அறிக்கை கூறுகிறது. ஆணையம் மன்னிப்பும் கேட்டது. அதை நான் மதிக்கிறேன். மன்னிப்புக்கு அடுத்த படியாக, கப்பல் வாரியாக எல்லோரையும் ஓரிடத்தில் சேர்க்கும் வேலை நடக்கவேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

1940 செப்டம்பர் 17 இரவு அட்லாண்டிக் கடலில் மூழ்கடிக்கப்பட்ட ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ கப்பலை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. காசியின் பெயரைத் தாங்கிய அந்தக் கப்பலில், குண்டுவீச்சுக்குத் தப்பக் கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 குழந்தைகள் இருந்தனர்; அவர்களில் 77 பேர் இறந்தனர். உலகம் அந்தக் குழந்தைகளுக்காக அழுதது, அழவும் வேண்டும். அந்தக் கப்பலின் 12ஆம் எண் படகு 46 பேரோடு எட்டு நாட்கள் கடலில் அலைந்து மீட்கப்பட்டது. ஆறு சிறுவர்களும் அவர்களுக்குத் துணையாக இருந்த ஆசிரியை ஒருவரும் அதில் இருந்தது நூல்களில் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. அதே படகில் பெரும்பான்மையாக இருந்தவர்கள் லஸ்கர்கள். மெல்லிய பருத்தி உடையோடு வட அட்லாண்டிக்கின் குளிரை எட்டு நாட்கள் தாங்கிய அவர்கள் அந்தக் கதைகளில் பெரும்பாலும் ஒரு கூட்டமாகவே வந்து போகிறார்கள்.

இப்போது ஆணையத்தின் இணையத் தரவில், மும்பை, சிட்டகாங் ஏட்டில் உள்ள பெயர்களைக் கப்பலின் பெயரை வைத்துத் தேட முடிகிறது. சென்ற மழைக்காலத்திலிருந்து நாள்தோறும் இரவில் ஒரு மணி நேரம் அதற்காக ஒதுக்கி, நீண்ட கோடிட்ட ஒரு பேரேட்டில் ‘ரோனா’ என்று மேலே எழுதி, அதன் கீழ் டவர் ஹில் முறைப்படியே அகர வரிசையில் பெயர்களை எழுதிவருகிறேன். அதிகாரி, செராங்கு, தீயாள், பண்டாரி என்று பிரிக்கவில்லை. தகப்பன் பெயரும் ஊரும் உள்ள இடங்களில் அவற்றையும் எழுதுகிறேன். சில ஊர்களின் பெயர்கள் ஆங்கில எழுத்தில் உருக்குலைந்திருப்பதால், நோவாகாலி மாவட்டத்தின் பழைய வரைபடம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறேன். மும்பையில் உள்ள நூலை நேரில் பார்த்து ஒப்பிட அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் புறப்பட வேண்டும்.